குளிர்ப்பெட்டியில் குறைந்த குப்பி

டாக்டர் குகநேசன் காந்தத்தைக் குப்பியின் அருகே கொண்டுபோனார். பால் போன்ற திரவத்தின் அடியில் படுத்திருந்த கறுப்பு, யாரோ தட்டி எழுப்பியதுபோல ஒரே பாய்ச்சலில் கண்ணாடிச் சுவரில் வந்து ஒட்டியது. முள்முள்ளாகச் சிலிர்த்து நின்றது.

"மருந்துக்கு மீசை மொளைக்குது மிஸ்," என்றான் அழகன்.

டாக்டர் சிரிக்கவில்லை. காந்தத்தை எடுத்துவிட்டுக் குப்பியைத் திரும்பவும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார்.

"நேற்றுப் பின்னேரம் இதுக்குள்ளை ரெண்டு குப்பி இருந்தது. இண்டைக்குக் காலமை வந்து பார்த்தால் ஒண்டுதான் கிடக்கு. நாலு மணிக்குப் பூரணிக்கு ஊசி. அதுக்கு முதல் அந்தக் குப்பி என்ரை கையிலை இருக்கவேணும், பிள்ளை."

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரி அது. மரம் முறிந்து விழுந்ததில் தோட்டத்துத் தொலைபேசி செத்துக் கிடந்தது. அதனால் அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் பொன்னையாவே காலையில் ஹட்டனுக்கு வந்து எங்கள் கதவைத் தட்டினான். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு, உட்காரச் சொன்னபோது உட்காராமல் போய்விட்டான்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, புடவைக் கடையின் மேல்மாடியில்தான் என் விசாரணை அலுவலகம். கதவில் 'ரோகினி' என்று மட்டும் எழுதியிருக்கிறது. துப்பறிவாளர் என்று எழுதிக்கொள்ள எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. மாலையில் ஆய்வுகூடத் தொழில்நுட்ப வகுப்புக்குப் போகிறேன். அழகன் என் உதவியாளன். அவனுடைய த்ரீவீலர்தான் எங்கள் வாகனம். அவனுடைய வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

"எங்க மிஸ்ஸ நம்பி எதையும் குடுக்கலாம் டாக்டர்," என்றான் அவன். "பூட்டுன பூட்டத் தெறந்து பாத்துத்தான், பூட்டியிருந்துச்சான்னே தெரிஞ்சிக்குவாங்க."

நான் அதைக் கேட்காதவள்போல, "இந்த மருந்து எப்பிடி வேலை செய்யுது டாக்டர்?" என்று கேட்டேன். வகுப்பில் ஓரளவு படித்திருந்தேன். ஆனால் படித்ததைச் சொல்லி, அது பிழையாகிப்போனால் என்ன செய்வது?

"கொழுப்பாலை செய்த குமிழி. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதுக்குள்ளை மருந்தும் இருக்கு, இரும்புத் துணுக்கும் இருக்கு. நாளத்திலை ஏத்திப்போட்டு, வெளியிலை ஈரலுக்கு நேரை காந்தத்தைப் பிடிச்சால், மருந்து கண்ட இடத்துக்கும் ஓடாமல் கட்டி இருக்கிற இடத்திலை போய் நிக்கும். பிறகு ஸ்கான் எடுத்தால், இரும்பு நிண்ட இடம் கறுப்பாத் தெரியும். எங்கை போச்சுது எண்டு கண்ணாலை பார்க்கலாம்."

அவர் பேசும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கோயிலில் சிலருக்கு அப்படி வரும்.

"சூடு பட்டால்?"

"செத்துப்போகும். அதுதான் குளிர்ப்பெட்டி."

வெளியே நீள மர வாங்கில் பூரணி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னம் ஒட்டி, கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. ஆனாலும் பின்னல் நல்லெண்ணெயில் பளபளத்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"சாவுக்குப் பயமில்லீங்க மிஸ். மருந்துக்குத்தான் பயம். கீழ்ப்பிரிவு மாயாண்டி மாமாவுக்கு இதே மருந்துதான் போன மாசம் போட்டாங்க. கையெல்லாம் நெருப்பு ஓடுதுன்னு கத்துனாரு. ரெண்டாம் நாளு மூச்சு விட முடியாமப் போய்ச் சேந்துட்டாரு."

"அவருக்கு ஈரல் வருத்தம் முத்திப்போச்சுது," என்று உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது. அவ்வளவு மெல்லப் பேசியதை அவர் எப்படிக் கேட்டார் என்று தெரியவில்லை.

நான் திரும்பவும் உள்ளே போய் யன்னலைப் பார்த்தேன். கொக்கி வளைந்திருந்தது. குளிர்ப்பெட்டியின் கைப்பிடியைக் குனிந்து பார்த்தேன். என் கண்ணை நம்பாமல் இன்னொருதரமும் பார்த்தேன். அதன் இடுக்கில், ஈரத்தில் ஒட்டியபடி, பொன்னிறமாக மெல்லிய பஞ்சு இருந்தது.

"இதென்ன அழகன்?"

அவன் விரலில் எடுத்து உருட்டினான். "தேயிலப் பஞ்சு. தூளச் சலிக்கிறப்போ பறக்கும். சலிக்கிற ரூம்ல நின்னா மூக்கு, காது, புருவம் எல்லாத்துலயும் ஒட்டிக்கும்."

"கொழுந்து பறிக்கிறவையளின்ரை கையிலை?"

"அவுங்க வெரல்ல கருப்புக் கறதான் இருக்கும். பஞ்சு இருக்காது. இது ஸ்டோர் ஆளு, மிஸ்." தேயிலைத் தொழிற்சாலையை இங்கே எல்லோரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள்.

பூரணியின் கணவன் செல்லசாமி ஸ்டோரில் சலிக்கும் அறையில்தான் வேலை செய்கிறான் என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. வாங்கில் இருந்தவளைக் கேட்டாலே போதும். கேட்டேன். அவள் பதில் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது டாக்டர் வாசல்வரை வந்தார்.

"பொலிசுக்குச் சொல்லேல்லை. சொன்னால் மருந்து அனுப்புற வெளிநாட்டுக்காரர் இந்த ஆராய்ச்சியையே மூடிப்போடுவாங்கள். நீங்களும் எங்கட பக்கத்துப் பிள்ளைதானே. அதுதான் உங்களைக் கூப்பிட்டனான்."

எங்கள் பக்கம். யாழ்ப்பாணத்தை விட்டு நான் வந்து பத்து வருடமாகிறது. ஆனாலும் அந்த வார்த்தை கேட்டதும் என் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை.

*

ஸ்டோருக்கு இறங்கும் பாதையில் மூடுபனி தேயிலைச் செடிகளுக்கு மேலே இடுப்பளவு நின்றது. மேலே வெயில். கீழே ஒன்றும் தெரியவில்லை.

"மிஸ், ஒரு டவுட்டு."

"சந்தேகப்படுறது என்ரை வேலை, அழகன்."

"கொஞ்சம் கடன் குடுங்க. ஒரு ஆளுக்கு ஒரு குப்பிதானே? இன்னொன்னுதான் பெட்டியில இருக்கே? நாலு மணிக்கு அதப் போட்டுட்டு, காணாமப் போனத நாளைக்குத் தேடலாம்ல? மனுசன் ஏன் இவ்வளவு பதறுறாரு?"

"ஒவ்வொரு குப்பிக்கும் அவர் கணக்குச் சொல்லவேணும்."

"அதுவும் சரிதான்," என்றான். ஆனால் அது சரிதான் என்று சொல்கிற குரல் அல்ல.

சலிக்கும் அறையில் இயந்திரங்கள் அதிர்ந்துகொண்டிருந்தன. காற்றே பொன்னிறமாக இருந்தது. ஓடும் பட்டிக்கு மேலே நீளமான காந்தக் கட்டைகள் தொங்கின. அரைக்கும் உருளைகள் தேய்வதால் தூளில் இரும்பு கலந்துவிடும். மூட்டை கட்டுவதற்கு முன் அதை இந்தக் காந்தம் இழுத்துக்கொள்ளும். செல்லசாமி ஒரு கட்டையைக் கழற்றி, அதில் மொய்த்திருந்ததைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் துணி கையிலிருந்து விழுந்தது.

"அண்ணே, ஓடாதீங்க," என்றான் அழகன். "எனக்கு ஓட வராது. மிஸ்ஸுக்கு ஓடலாமான்னு முடிவு பண்ணவே பத்து நிமிசம் ஆகும்."

செல்லசாமி ஓடவில்லை. நின்ற இடத்திலேயே அழுதான். சத்தமில்லாத அழுகை. இயந்திரச் சத்தத்தில் கேட்டிருக்கவும் முடியாது.

"மாயாண்டி அண்ணனத் தூக்குன நாலு பேருல நானும் ஒருத்தன்மா. அவரு கை கறுத்துப் போயிருந்திச்சு. அந்த ஊசியத்தான் எம் பொஞ்சாதிக்கும் போடப் போறாங்க. வேணாம்னு நான் யாருகிட்டப் போய் சொல்றது? டாக்டரய்யா நல்லதுக்குத்தான் செய்யிறாருன்னு எல்லாரும் சொல்றாங்க."

"அதாலை எடுத்தீங்களா?"

"சூட்டுல வச்சா மருந்து செத்துப்போகும்னு அவரே சொன்னாரும்மா. அதான் எடுத்தாந்து டிரையருக்குப் பின்னால வச்சேன். பேரு எழுதுன குப்பி ஒன்னுதான் அவளுக்குன்னு நெனச்சேன். பெட்டியில இருந்த இன்னொன்னையும் அவளுக்குப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

தேயிலையைச் சுடுகாற்றில் உலர்த்தும் டிரையரின் பின்பக்கம், சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு விளிம்பு இருந்தது. ஆட்கள் ஈரத் துணி காயப்போடும் இடம். அங்கிருந்து ஒரு பழைய காலுறையை எடுத்து, அதற்குள்ளிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தான். கையில் சுட்டது.

நான் அதை வெளிச்சத்தில் பிடித்தேன்.

காலையில் டாக்டர் காட்டியது வெள்ளை. இது வெள்ளை இல்லை. நல்ல மண்ணிறம். பழக்கமான நிறம், ஆனால் மருந்துக் குப்பிக்குள் பழக்கமில்லாத நிறம்.

"மருந்து செத்தால் இப்பிடி வருமோ?" என்றேன். என்னை நானே கேட்டுக்கொண்டது.

அழகன் குப்பியை வாங்கி, ரப்பர் மூடியை நகத்தால் நெம்பினான். "அழகன், வேண்டாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மூக்கருகே கொண்டுபோய்விட்டான். அவன் முகம் மாறியது.

"மிஸ். இது செத்துப்போகல."

"பின்னை?"

"சாயம் எறங்கியிருக்கு. இது பால் தேத்தண்ணி."

நானும் மோந்தேன். எத்தனை தரம் மோந்தாலும் அதே வாசனைதான். பால்மாவும் தேயிலைத் தூளும்.

செல்லசாமியின் காந்தக் கட்டையைக் கேட்டு வாங்கி, மூடியை அழுத்திவிட்டுக் குப்பியின் பக்கத்தில் பிடித்தேன். கறுப்பு பாய்ந்து வந்து ஒட்டியது. முள்முள்ளாக. காலையில் நான் வாய்பிளந்து பார்த்த அதே மீசை.

வகுப்பில் எங்கள் ஆசிரியர் சொன்னது அப்போதுதான் முழுதாக நினைவுக்கு வந்தது. உண்மையான துணுக்கு அவ்வளவு சிறியது, அடியில் படியாது. திரவம் முழுக்க ஒரே நிறமாக மிதந்துகொண்டிருக்கும். கைக்காந்தத்தைக் காட்டினால் பாயாது. மெதுவாக, மனமில்லாதவன் எழும்புவதுபோல, ஒரு பக்கம் அடர்ந்து வரும். நான் இதைப் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை. அதனால்தான் காலையில் பாய்ந்ததைக் கண்டபோது, படித்ததைச் சந்தேகித்தேன். பார்த்ததைச் சந்தேகிக்கவில்லை.

"பால்மாத் தண்ணியிலை இந்தக் காந்தத்துத் தூளைப் போட்டிருக்கு," என்றேன். "இரும்போடை தேயிலைத் தூளும் ஒட்டிக்கொண்டு போயிருக்கு. குளிர்ப்பெட்டியிலை இருக்கிறமட்டும் சாயம் இறங்கேல்லை. நீங்கள் சூட்டிலை வைச்சபடியால் இறங்கிப்போச்சு."

"குளிர்ல தூங்குன தூளு, டிரையர்ல முழிச்சிக்கிச்சு," என்றான் அழகன்.

"இது நாளத்திலை போனால்..." நான் நிறுத்தினேன். இரும்புத்தூள் இரத்தத்தோடு போய் நுரையீரலில் சிக்கும். மூச்சு நிற்கும். மாயாண்டிக்கு நின்றதுபோல. செல்லசாமியின் முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல முடியவில்லை. சொல்லாமலே அவனுக்கு விளங்கிவிட்டது.

"டாக்டர்ட மருந்த யாரோ மாத்திட்டான்," என்றான் அழகன். "அண்ணே, இந்தக் காந்தத்துத் தூள யாருக்காவது குடுத்தீங்களா?"

"யாருக்கும் இல்ல. தூக்கித்தான் போடுவோம்." பிறகு மெல்லச் சொன்னான். "நம்ம பொன்னையா ஒருக்கா வந்து கேட்டாரு. ஸ்கூல் புள்ளைங்களுக்கு வெளையாட்டுக் காட்டணும்னு. ஒரு டின்னு நெறைய குடுத்தேன்."

உட்காராமல் போன பொன்னையா.

"மற்றக் குப்பியிலையும் கறுப்பு பாய்ஞ்சது," என்றேன். "காலமை எங்கட கண்ணுக்கு முன்னாலை. அதுவும் இதுதான். அதைத்தான் நாலு மணிக்குப் போடப்போகினம். டாக்டருக்குத் தெரியாது."

மூவரும் ஓடினோம். முடிவு பண்ண எனக்குப் பத்து நிமிடம் ஆகவில்லை.

*

த்ரீவீலர் மேட்டில் முக்கி முனகி ஏறியது. மூடுபனி இப்போது டிஸ்பென்சரியையும் பிடித்துவிட்டது. கதவைத் தள்ளியபோது உள்ளே விளக்கு எரிந்தது.

பூரணி கதிரையில் சாய்ந்திருந்தாள். சட்டைக் கை மடித்து, முழங்கைக்கு மேலே ரப்பர் நாடா கட்டியிருந்தது. வயிற்றின் வலப்பக்கம், சேலைக்கு வெளியே, காந்தம் வைக்க நீல மையில் ஒரு வட்டம். பக்கத்துத் தட்டில் ஊசி நிரப்பித் தயாராக இருந்தது. வெள்ளை. அடியில் கறுப்பு.

"இன்னும் நாலு மணி ஆகேல்லையே, டாக்டர்!"

"பனிப்புகார் இறங்குது. வெளிச்சம் இருக்கேக்கை முடிச்சிடுவம் எண்டு பார்த்தன்." அவர் என் கையைப் பார்த்தார். "எடுத்திட்டீங்களோ?"

"டாக்டர், ஊசியைப் போடாதேங்கோ. உங்களை ஏமாத்திப்போட்டினம். இதைப் பாருங்கோ." மூச்சு வாங்க, குப்பியை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை விளக்கில் பிடித்து ஒரு கணம் பார்த்தார். மோந்து பார்க்கவில்லை. ஏன் மண்ணிறம் என்று கேட்கவில்லை. நேரே தொட்டிக்குப் போய், மூடியை எடுத்து, கவிழ்த்து ஊற்றினார். குழாயைத் திறந்துவிட்டார். குப்பியையும் உள்ளே விட்டுக் கழுவினார். கைகளையும் கழுவினார். சத்திரசிகிச்சைக்குப் போகிறவரைப்போல, விரல் விரலாக.

"மிஸ்," என்றான் அழகன் தாழ்ந்த குரலில். "குப்பியத் தேடுனது ஊசிக்கு இல்ல. கழுவுறதுக்கு."

"டாக்டர்... பொன்னையாதான்..." என்று இழுத்தேன்.

"பொன்னையா நான் சொன்னதைத்தான் செய்தவன்."

குழாயை மூடினார்.

"தை மாசத்திலை நுவரெலியாவிலை உருளைக்கிழங்குச் செடி எல்லாம் கருகின பனி ஞாபகமோ? அண்டைக்கு இரவு கரண்ட் இல்லை. இந்தக் குளிருக்கு என்னத்துக்குக் குளிர்ப்பெட்டி எண்டு, மருந்துப் பெட்டியைப் பங்களா விறாந்தையிலை வைச்சிட்டன். ஊரே குளிர்ப்பெட்டிதானே? விடியப் பார்த்தால் எல்லாம் உறைஞ்சு கட்டியாக் கிடக்கு. சூடும் ஆகாது, உறையவும் கூடாது. குமிழி எல்லாம் வெடிச்சுப்போச்சு." அவர் துவாயால் கையைத் துடைத்தார். "சொல்லியிருந்தால் அண்டைக்கே மூடியிருப்பாங்கள். அடுத்த பெட்டி வாறமட்டும் ஆக்கள் வரிசையிலை நிக்கவேணும், பிள்ளை. மருந்து காந்தத்துக்கு ஓடாட்டில் சனம் நம்பி நிக்காது."

"மாயாண்டி செத்துப்போனார்!"

"அவர் எப்பிடியும் போயிருப்பார். இவவுக்கும் ஈரல் முழுக்கக் கட்டி. போட்டாலும் போடாட்டிலும் ஒண்டுதான். அடுத்த வருசம் உண்மையான மருந்தாலை எத்தனை பேர் பிழைப்பினம் எண்டு யோசியுங்கோ. நீங்கள் படிச்ச பிள்ளை. எங்கட ஆள். உங்களுக்கு விளங்கும்."

எனக்கு விளங்கியது. அதுதான் பயமாக இருந்தது. என் கையில் இப்போது ஒன்றுமில்லை. கொண்டுவந்த ஒரே சான்றை நானே அவரிடம் நீட்டியிருந்தேன். நம்பி. மிச்சமிருப்பது தட்டில் இருந்த ஊசி ஒன்றுதான். அவர் அதை நோக்கித்தான் கையை நீட்டினார்.

பூரணியின் கை முந்திவிட்டது. நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளும் கை. ஊசியை எடுத்து மடியோடு பிடித்துக்கொண்டாள்.

"அதைத் தாங்கோ," என்றார் டாக்டர்.

அவள் எழுந்து நின்றாள். கையில் ரப்பர் நாடா இன்னும் கட்டியிருந்தது. "போட்டாலும் போடாட்டியும் ஒன்னுதான்னீங்களே டாக்டரய்யா. அப்ப மொதல்ல ஒங்க கையில போட்டுக் காட்டுங்க."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"சட்டைய மடிங்க சாமி. நா நல்லாப் போடுவேன்."

டாக்டர் ஒரு அடி பின்வாங்கினார். சுவர் தடுத்தது. சட்டைக் கையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். அதுவரை எனக்குள் எங்கோ ஒரு மூலையில், நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று ஒரு கேள்வி இருந்தது. அந்தப் பொத்தானோடு அது போய்விட்டது.

செல்லசாமி மனைவியின் கையிலிருந்த நாடாவை அவிழ்த்தான்.

"பொன்னையா எங்கை?" என்று கேட்டேன்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்கை எண்டு கேக்கிறன்!"

"அகரப்பத்தனையிலை ஒரு தோட்டம். காலமை உங்களிட்டைச் சொல்லிப்போட்டு நேரை அங்கை போயிருப்பான். ஆறு குப்பி குடுத்துவிட்டனான். அவனுக்கு ஊசி போடத் தெரியும்." யாரோ வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "அங்கையும் நாலு மணிதான்."

அழகன் ஏற்கெனவே வெளியே போய்விட்டான். த்ரீவீலர் இருமி இருமி உயிர்பெறும் சத்தம் கேட்டது.

"செல்லசாமி, இவரை வெளியிலை விடாதேங்கோ. தோட்டத்து ஆக்களைக் கூப்பிட்டு வையுங்கோ," என்றேன். "பூரணி, நீங்கள் இங்கையே இருங்கோ. உங்கடை உடம்புக்கு இந்த ரோட்டு ஆகாது. நான் போய்ச் சொல்லுறன்."

அவள் ஊசியைச் சேலைத் தலைப்பில் சுற்றி முடிந்துகொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

"நீங்க சொன்னா அந்தச் சனம் நம்பாது மிஸ்."

"ஏன்?"

"ஒங்க யாழ்ப்பாணப் பேச்சக் கேட்டா, இன்னொரு டாக்டரம்மா வந்துட்டாங்கன்னு சட்டைய மடிச்சிக் கைய நீட்டிருவாங்க."

த்ரீவீலர் வாசலில் நான் விலகி அவளுக்கு இடம் விட்டேன். அவள் ஏறி உட்கார்ந்தாள்.